வழிந்த நேரம்

கடைமுழுக்குக்கு முந்தின இரவு
பதினொன்றே காலுக்குத் தூறல்,
பன்னிரண்டுக்கு அடைமழை.
மூன்றாம் நம்பர் நீரேற்று நிலையத்தில்
நான், ஓடுகிற இரண்டு மோட்டார்,
ரிப்பேருக்குக் காத்திருக்கும் இன்னொன்று.

மொட்டைமாடித் தண்ணீரைச்
சாக்கடைக் குழாயில் விட்டிருப்பதை
வெயில் காலத்தில் மாயவரத்தில் ஒருவரும் ஒப்புக்கொள்வதில்லை.
மழை வந்தால் வீடு வீடாகப் பெயர் சொல்லி வருகிறது.
சோப்பு நுரை, ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி,
கல்யாண மண்டபத்து ரசம்
எல்லாம் இந்த ஒரே கிணற்றில் ஏறுகின்றன.

கிணற்றுக்குள் ஒரு குட்டைச் சுவர்.
கழுத்தளவு போகாமல்
மார்பளவில் நிறுத்தியது, கணக்குப் போட்டுத்தான்.
அதைத் தாண்டினால் அந்தண்டை ஒரு குழாய்,
குழாய் முடிவில் தொங்கும் இரும்பு மூடி,
மூடிக்கு வெளியே வாய்க்கால்,
வாய்க்காலுக்கு அப்புறம் காவிரி.

சுவரை ஒரு முழம் உயர்த்துங்கள் என்று
கூட்டத்தில் யாராவது சொல்லும்போதெல்லாம்
பள்ளத்தெரு கைருன்னிஸா எழுந்துவிடுவாள்.
"என் வீட்டுக் கக்கூஸ்ல வந்து நின்னு சொல்லுங்க."
ஆறா, அவள் கூடமா?
சுவரைக் கட்டியவன் எப்போதோ பதில் சொல்லிவிட்டான்.
மழைக்கு மழை அதைத் திரும்பச் சொல்வது
என் வேலை.

மேலே கம்பியில் ஒரு கருவி தொங்குகிறது.
தண்ணீரைத் தொடாது.
காதுக்கு எட்டாத சத்தத்தைக் கீழே எறிந்து
அது திரும்பி வரும் நேரத்தில் ஆழம் பார்க்கும்,
வௌவால் கணக்கு.
சுவரைத் தாண்டியதும்
அதன் வயிற்றிலிருக்கும் சிம்கார்டு
உதவிப் பொறியாளர் தையல்நாயகியின் போனுக்குச்
சேதி அனுப்ப வேண்டும்.

சித்திரையில் ஒரு சிலந்தி அதன் வாயில் வலை கட்ட
மூன்று நாள் வழிகிறது, வழிகிறது என்று கத்தியது.
கிணற்றில் முழங்கால் தண்ணீர்கூட இல்லை.
அன்றிலிருந்து சுவர் மேல்
நீலச் சாயம் அடித்த ஒரு கட்டைத்துண்டு வைக்கிறேன்.
இருந்தால் வழியவில்லை.
காணோமென்றால் வழிந்தது.
எவ்வளவு நேரம் என்று கேட்டால்
கட்டைக்குத் தெரியாது.

ஒன்று ஐம்பதுக்குக் கரண்ட் போயிற்று.
ஜெனரேட்டர் இருமி இருமி
ஒரு மோட்டாரைத்தான் தூக்கியது.
டார்ச் வெளிச்சத்தில்
கட்டை முதலில் அசைந்தது.
கொஞ்சம் யோசித்தது.
போயிற்று.
இரண்டு பத்து.

போனில் ஒரு புள்ளிகூட இல்லை.
டவரும் இருட்டில் நின்றது.
மோட்டாரை விட்டுப் போக முடியாது.
நாலு முப்பத்தேழுக்குச் சுவர் மறுபடி தலை காட்டியது.
ஆறு மணிக்குப் பக்கிரிசாமி வந்ததும்
வண்டியை எடுத்துக்கொண்டு படித்துறைக்குப் போனேன்.
அதற்குள் ஊர் முழுக்கத் தண்ணீரில் நின்றது.
காவலுக்கு நின்றவரிடம் சொன்னேன்.
"மெசேஜ் வந்துச்சா?"
"வரலை சார்."
"அப்புறம்?"
ஆறு டீ நிறத்தில் போனது.
மழை பெய்தால் எப்போதும் அந்த நிறம்தான்.
மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன் மூன்று முறை முங்கினான்.
நான் அவனை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கார்த்திகை ஒன்று.
நடக்க முடியாமல் ஒரு நாள் பிந்தி வந்தவனுக்காகப்
புண்ணியம் காத்திருந்ததாகச் சொல்லும்
முடவன் முழுக்கு.
பகல் பன்னிரண்டுக்கு டவர் உயிர்த்தது.
தையல்நாயகி கூப்பிட்டாள், பதற்றமாக.
"இப்ப வழியுதா?"
"இல்லம்மா. அது நேத்து."
அவள் படித்தாள்:
தொடக்கம் 02.10. முடிவு 04.37.
என் நோட்டிலும் அதே நிமிஷம்.
கருவி பொய் சொல்லவில்லை,
முடவனைப் போல வந்து சேர்ந்தது,
அவ்வளவுதான்.
காத்திருக்கத்தான் யாரும் இல்லை.

சாயங்காலம் நேரில் வந்து சுவரைப் பார்த்தாள்.
சுவருக்கு ஒரு சாண் கீழே
இன்னொரு கட்டை மிதக்கவிட முடியுமா,
மணி கட்டி,
வழிவதற்கு முன்னாலேயே அடிக்கிற மாதிரி, என்றாள்.
பதிவேட்டில் 'ஆதாரம்' என்ற கட்டத்தைக் காட்டிக்
கேட்டேன், என்ன எழுத?
"கட்டைன்னே எழுதுங்க."

இன்று இரண்டு துண்டு அறுத்து வைத்திருக்கிறேன்.
நீலச் சாயத்துக்கு
ரசீது கேட்கிறார்கள்.